யானை தட்டாது

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார்.

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில், தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்து, ஏழாம் லயத்தில் மூன்றாவது வீட்டை ஒதுக்கியிருந்தார்கள். லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு, முன்பக்கம் பத்துக் கதவு. நாங்கள் ஜீப்பிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவர் படியேறி வந்தார். வணக்கம் இல்லை, எந்த ஊர் என்ற விசாரிப்பு இல்லை. கதவை இரண்டு முறை திறந்து மூடினார். தாழ்ப்பாளை இழுத்தார். அது கிரீச்சென்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து கண்ணுக்கு மருந்து விடும் சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். அதிலிருந்தது எண்ணெய். தாழ்ப்பாளில் நான்கு சொட்டு, கீலில் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தார். சத்தமில்லை.

"பின்வாசல் இருக்கா தங்கச்சி?"

"இருக்குண்ணே. நீங்க யாரு?"

"வாச்சரு" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குள் போய்விட்டார்.

என் கணவர் சித்தூர்க்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் அடுப்படிவரை போனால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். தலையில் பீரோவின் ஒரு கதவைச் சுமந்தபடி என்னிடம் கேட்டார்: "ஆருபுள்ள இந்தாளு? ஊட்டுக்குள்ளாறயே போறாரு?"

எனக்கும் தெரியவில்லை. பின்கதவுக்கும் எண்ணெய் விட்டு முடித்துத் திரும்பி வந்தவர், நாலாவது வீட்டுப் படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "கொண்டிய தெனம் ஒரு தரம் இழுத்துப் பாத்துக்க. துரு ஏற விட்றாத."

வாச்சர் என்பது வனத்துறையில் நிரந்தரமில்லாத வேலை. காட்டுயானை எந்தத் தேயிலைப் பீல்டில் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். பார்த்ததை எங்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கையில் ஒரு டார்ச், இடுப்பில் நனையாமல் சுற்றிய நாலு பட்டாசு, ஒரு போன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கே பெயர் வைப்பது பிடிக்காது. எங்கள் பக்கம் அடிக்கடி வரும் ஒற்றை யானைக்கு இளவட்டங்கள் ஒரு சினிமா நடிகர் பெயரை வைத்து, அதன் பெயரில் வாட்ஸப்பில் படம் போட்டு விளையாடினார்கள். அவர் மட்டும் கடைசிவரை "அது" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"பேரு வச்சாப் பயம் போயிரும். பயம் போனா ஆளு போயிருவான்."

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலு வருடமாக நினைக்கிறேன். உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. காரணம் ஒரு சாயங்காலம், ஒரு கதவு. அன்றைக்கு நான் செய்யாமல் விட்ட ஒன்றை என் கணவரிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுவேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியமில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய குரல்பதிவைக் கேட்காமல் எங்கள் லயத்தில் யாரும் சாயங்காலம் காலை வெளியே வைத்ததில்லை. எஸ்டேட் குரூப்பில் காலை வணக்கமும் மாதா படமும் முருகன் படமும் குவிந்து கிடக்கும். அதற்கு நடுவே அவருடைய பதிவு வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அந்தக் குரல் கேட்கும். ஒரு மூச்சுக்கு மேல் பேச மாட்டார். "கீழ் டிவிஷன். பதினாலாம் பீல்டு. ஒத்தை. மேல பாத்து வருது. கதவு." அந்தக் கடைசிச் சொல் வந்ததும் பத்துத் தாழ்ப்பாளும் விழும். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் என்பதால் சத்தம் வராது, ஆனால் விழுவது எனக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து "போயிருச்சு" என்று வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவருக்கும் பயம்தான். ஆனால் அவர் பயத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கதவு. எத்தனை, எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே தள்ள வேண்டுமா வெளியே இழுக்க வேண்டுமா. டீக்கடையில் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றபடிதான் குடிப்பார். என் பக்கத்து வீட்டு ஜெயமேரியின் மகள் கல்யாணத்தன்று கோவிலில் எல்லோரும் பீடத்தைப் பார்த்து நிற்க, இவர் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி வாசலைப் பார்த்து நின்றார். ஃபாதர் பிரசங்கத்தின் நடுவிலேயே, "கர்த்தர் இந்தப் பக்கம் இருக்கிறார்" என்று சொல்ல, கோவிலே சிரித்தது. அவர் அசரவில்லை. பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது கோவில் கதவின் கீலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு வந்தமா, சாப்பிட்டமான்னு இருக்க மாட்டீங்களாண்ணே?" என்றேன்.

"எரநூறு பேரு உள்ள இருக்கோம். கதவு ரெண்டு. அதுல ஒண்ணு ஒட்டிக்கிச்சு" என்றார். குப்பி கையில் இருந்தது.

ஜெயமேரிக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது. "அந்தாளு பொண்ணு பாக்கப் போனப்பவும் பொண்ணப் பாக்காம கதவப் பாத்துட்டு வந்திருப்பாரு" என்பாள். அவர் மனைவி காலமாகி வெகுநாள். மகளைப் போடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்.

இனி நாங்கள் பார்த்த ஒரு சினிமாவுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் வாயனசாலையைத் திறந்து வைப்பது என் பொறுப்பு. ஒரு அலமாரிப் புத்தகம், இரண்டு தமிழ்ப் பேப்பர், ஒரு மலையாளப் பேப்பர், ஒரு பெரிய டிவி. மாதம் ஒரு முறை மத்தியானத்தில் படம் போடுவோம். படம் கொடுப்பது என் கொழுந்தன், சித்தூரில் இருக்கிறார், சினிமாப் பைத்தியம். வேற்று மொழிப் படமாக இருந்தால் கீழே மலையாள எழுத்து ஓடும். பெரியவர்களுக்கு மலையாளம் பேச வருமே தவிர வாசிக்க வராது. அதனால் நான் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஓடும் எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வில்லனுக்குத் தனிக் குரல் வைத்திருந்தேன்.

அந்த மாதம் கொழுந்தன் அனுப்பிய பென்டிரைவில் ஒரு கௌபாய்ப் படம் இருந்தது. போனில் எச்சரித்தார். "அண்ணி, இது நீங்க நெனைக்கற மாதிரி சுட்டுத் தள்ளற படமில்லீங்க. இத்தாலிக்காரங்க எடுத்ததுங்க. அவுங்க எடுத்த குதிரைப் படம் நெறைய ஓடுச்சுங்க, இது ஓடவே இல்லீங்க. ரொம்பப் பேத்துக்கு இப்படியொண்ணு இருக்கறதே தெரியாதுங்க. படம் முழுக்க ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க மட்டும் பாருங்க, சனத்துக்குப் போட்டுறாதீங்க."

என் காதில் குதிரை மட்டும்தான் விழுந்தது. வாயனசாலைப் பலகையில் பெரிதாக எழுதிவைத்தேன்: "ஞாயிறு மதியம் இரண்டு மணி. குதிரை! துப்பாக்கி! அனைவரும் வருக."

நாற்பது பேர் வந்தார்கள். ஜெயமேரி வறுத்த கடலையோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். படம் ஆரம்பித்தது. வெறும் பொட்டல், காற்று, புழுதி. பொட்டலின் நடுவே ஒரு சின்ன ஊர், ஒரே தெரு. ஒரு ஆள் ஊரைச் சுற்றி நடக்கிறான். நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். யாரும் பேசவில்லை.

"வாசி தங்கச்சி" என்றார் வாசலிலிருந்து.

"எழுத்தே வரலண்ணே."

"ஏதோ சத்தம் கேக்குதே."

"அது காத்துண்ணே."

கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் வரி வந்தது. நான் ஆவலோடு வாசித்தேன்: "இன்றைக்கு வரமாட்டார்கள்." அதற்குப் பிறகு மறுபடி காற்று. பின்வரிசை எழுந்து போயிற்று. அரை மணியில் பாதிக் கூட்டம் இல்லை. ஜெயமேரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, "இது படமா, இல்ல தொண்டை கட்டுன ஊரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் நானும் அவரும்தான் மிச்சம். எனக்கு அவமானமாக இருந்தது. நிறுத்திவிடலாமா என்று திரும்பிப் பார்த்தால், அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கதை இதுதான். அந்த ஊருக்கு மூன்று கொலைகாரர்கள் அவ்வப்போது வந்து கொள்ளையடித்துப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் ஒருவனைக் காவலுக்கு வைக்கிறார்கள். அவன் வேலை, அவர்கள் வருகிறார்களா என்று பார்ப்பதும் மணியடிப்பதும். மணி கேட்டால் எல்லோரும் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும், என்ன நடந்தாலும் திறக்கக் கூடாது. அவன்தான் வீடுவீடாகப் போய் அப்படிப் பழக்குகிறான். கடைசியில் அவர்கள் வருகிறார்கள். மணியடிக்கிறான். ஊரே அடைத்துக்கொள்கிறது. அவன் குதிரை விழுந்துவிடுகிறது, துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிடுகிறது. தெருவுக்கு ஓடி வந்து முதல் கதவைத் தட்டுகிறான். திறக்கவில்லை. அடுத்ததைத் தட்டுகிறான். இசை இல்லை, வசனம் இல்லை, தட்டுகிற சத்தம் மட்டும். ஒரு கதவும் திறக்கவில்லை. மூன்று பேரும் அவசரமே இல்லாமல் பின்னால் நடந்து வருகிறார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஊர் கதவைத் திறக்கிறது, ஒரு அம்மாள் தெருவில் கிடக்கும் மணியை எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுபோகிறாள். படம் முடிந்தது.

இப்படி ஒரு படத்தை நாற்பது பேர் எழுந்து போகப்போக, ஒரு பென்டிரைவில் கண்டெடுத்துவிட்டோமே என்று ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், பார்த்திருக்க வேண்டாமோ என்று இருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. எங்கள் மலையில் அந்த மாதத்தில் யாருக்கும் வேர்க்காது.

"எத்தன கதவு, எண்ணுனியா?"

"இல்லண்ணே."

"பதினொண்ணு. நாலாவது வீட்டுல அன்னைக்குக் காலையிலதான் அவன் தண்ணி எறைச்சுக் குடுத்தான். பாத்தியா?"

நான் கவனித்திருக்கவில்லை. "என்ன சனங்கண்ணே அவங்க. கல்நெஞ்சு" என்றேன்.

"அவங்க மேல தப்பில்ல தங்கச்சி. தொறக்காதேன்னு சொல்லிக் குடுத்தவனே அவந்தான்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "நானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

ஆமாம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். யானை கிட்டே வந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்பதுதான் எங்கள் சட்டம். வேறொரு டிவிஷனில் ஒருவர் வீடியோ எடுக்கக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, துதிக்கை உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இவர் வீடுவீடாகப் போய்ச் சொன்ன சட்டம். அதுவரை எங்களில் ஒருவர்கூட அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நாங்கள் கதவடைத்துக்கொள்கிறோம், சரி. யானை அவர் பக்கம் திரும்பினால் அவர் எங்கே போவார்?

அதை அப்போதுதான் கேட்டேன்.

"பாறை இருந்தாப் பாறை. ஓடைப் பாலம் இருந்தா அதுக்கடியில" என்றார். எழுந்தார். வாயனசாலைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "உள்ள இருக்கவனுக்குக் கதவும் செவுருதான். வெளிய நிக்கிறவனுக்குத்தான் அது கதவு."

திங்கட்கிழமை குரூப்பில் அவருடைய குரல்பதிவு வந்தது. அவர் பேசியதிலேயே நீளமான பதிவு அதுதான். நடுவில் இரண்டு முறை இருமினார். "எல்லாருக்கும் சொல்றேன். ஆன தட்டாது. தள்ளும், ஒரசும், மோந்து பாக்கும். தட்டுறது மனுசன் மட்டுந்தான். பீல்டுல இருந்து வாற ஆளு யாராச்சும் மாட்டிக்கிட்டா எங்க போவாங்க? அதனால மூணு தட்டு. மூணு தட்டு கேட்டாத் தொறங்க, இழுத்து உள்ள போட்டுட்டு மூடிருங்க. அவ்வளவுதான்."

கட்டைவிரல் படங்கள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். அந்த வாரம் அவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தபோது, தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீ தொறப்பியா தங்கச்சி?"

"என்னண்ணே கேள்வி இது? என் கதவு தொறக்கும். நீங்க மூணாவது தட்டு தட்டுறதுக்குள்ள தொறப்பேன்" என்றேன். படம் பார்த்த வேகம். நல்லவளாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது நினைத்தேன்.

என் ஆறு வயது மகள் பக்கத்திலிருந்து கதவை மூன்று தட்டுத் தட்டிக் காட்டினாள். அவர் அவளிடம் மட்டும் சிரித்தார்.

ஐப்பசி மாதம். நாலு நாளாக விடாத தூறல், ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மஞ்சு. என் கணவர் டூரிஸ்ட் பார்ட்டியை இறக்கக் கொச்சி விமான நிலையம் போயிருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் வேலைக்குப் போகவில்லை. நாலரை மணிக்குப் பதிவு வந்தது. "பதினாலாம் பீல்டு. ஒத்தை. நிக்குது. மஞ்சுல சரியாத் தெரியல. கதவு." தாழ்ப்பாள் போட்டேன். முன்கதவு, பின்கதவு. விளக்கை அணைத்தேன். அந்த நேரத்துக்கே வீடு இருட்டிவிட்டது.

ஐந்து மணி இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழை முறியும் சத்தம் கேட்டது. பதினாலாம் பீல்டில் நிற்கவில்லை, மேலே ஏறி லயத்துக்கே வந்துவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். அவள் உடம்பு கொதித்தது, என் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. வாழை முறிவது நின்றது. அது நின்றதுதான் பயம். தின்கிற யானை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அப்போது முன்பக்கத்தில், முதல் வீட்டுக் கதவில், தட்டு. மூன்று.

யாரோ ஓடி வருகிற காலடி. இரண்டாவது வீடு ஜெயமேரியுடையது. மூன்று தட்டு. நான் எழுந்து கதவருகே வந்துவிட்டேன், கை தாழ்ப்பாளில் இருந்தது. இதில் நான் பொய் சொல்லவில்லை, கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. அப்போது லயத்தின் முனையில், முதல் வீட்டுப் பக்கம், அந்த மூச்சு கேட்டது. கேட்டவர்களுக்குத் தெரியும். லாரியில் காற்றுப் பிரேக்கை விடுவது போல. ஆளுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது.

என் கதவில் தட்டு. மெதுவாக, விரல் மடக்கி, மூன்று.

எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு அங்குலப் பலகை. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. "தங்கச்சி" என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்.

தோளில் கிடந்த பாப்பா என் காதில் சொன்னாள்: "அம்மா, மூணு."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

மறுபடி மூன்று தட்டு. முதலில் தட்டியதைவிட மெதுவாக. தாழ்ப்பாளில் என் விரல் இருந்தது. அந்த வாரம்தான் எண்ணெய் விட்டிருந்தார், தொட்டாலே வழுக்கிக்கொண்டு போகும். நான் தொட்டுக்கொண்டே நின்றேன். காலடி நகர்ந்தது. நாலாவது வீடு, மூன்று. ஐந்தாவது வீடு, மூன்று. ஆறு. ஏழு. நான் எண்ணினேன். படத்தில் எண்ணாமல் விட்டதையெல்லாம் சேர்த்து எண்ணினேன். யாராவது ஒருவர் திறந்துவிட வேண்டும் என்று மாதாவையும் முருகனையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். என்னைத் தவிர யாராவது ஒருவர். பத்தாவது கதவுவரை கேட்டது. ஒரு தாழ்ப்பாளும் விலகவில்லை. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் என்பதால் சத்தம் வராமல் விலகியிருக்கலாமோ என்று நினைத்தேன். ஆனால் விலகியிருந்தால் எனக்குத் தெரியும்.

பிறகு அது என் வாசலைக் கடந்து போயிற்று. நிதானமாக. ஈரமண் வாடையும் சாணி வாடையும் கதவின் இடுக்கு வழியாக வந்தது. கூரைத் தகரத்தில் ஏதோ உரசியது. நான் பாப்பாவின் முகத்தை என் கழுத்தோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அலறல் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அலறல் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த போனின் ஓரத்தில் வெளிச்சம் வந்தது. குரல்பதிவு. சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன்.

ரகசியம் பேசுகிற குரல். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். "ஏழாம் லயம். முன்வாசல். ஒத்தை." ஒரு மூச்சு. "யாரு தட்டுனாலும் தொறக்காதீங்க."

அதற்கும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரல்கள் வந்தன. நான் போடவில்லை. போடாததால் நான் மற்றவர்களைவிட நல்லவள் ஆகிவிடவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் "போயிருச்சு" என்று வந்தது. லயத்தின் கோடியில், குழாயடிக்குப் பக்கத்தில், பெரிய ஓடைக்கு மேல் கற்பலகை போட்டிருக்கும். அதற்குக் கீழே, ஓடுகிற தண்ணீரில், இரண்டு மணி நேரம் படுத்திருந்திருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் கதவைத் திறந்து பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குடங்கள் நிறைந்தன. ஓடையில் கற்பலகைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது, எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனோம். கடைசியில் ஜெயமேரிதான் வாயைத் திறந்தாள். வாய் ஓயாதவள், அன்றைக்குக் குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேத்துக் காத்து பலமா அடிச்சுச்சுல்ல? கதவெல்லாம் ஆடிக்கிட்டே கெடந்துச்சு."

"ஆமா, காத்து" என்றோம். நானும் சொன்னேன்.

பத்து மணிக்கு அவர் வந்தார். துவைத்துப் போட்ட காக்கிச் சட்டை. இடது உள்ளங்கையில் துணிக்கட்டு. புதுச் செருப்பு. கையில் அந்தக் குப்பி. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தாழ்ப்பாளுக்கும் நான்கு சொட்டு, கீலுக்கு இரண்டு. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்துகொண்டார்கள். நான் மட்டும் வாசலில் நின்றேன். திட்டுவார், திட்டினால் நன்றாக இருக்கும், காறித் துப்பினால்கூட நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார்.

"அண்ணே, நேத்து..."

"நேத்து என்ன?"

"தட்டுனீங்க."

"நானா? நான் பதினாலாம் பீல்டுலல்ல நின்னேன்."

"மூணு தட்டுண்ணே. ரெண்டு தரம். பாப்பாவும் கேட்டா."

குப்பியைக் கவிழ்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கட்டுப்போட்ட கையால் கீலைத் துடைத்தார்.

"ஆனதான் தட்டிருக்கும் தங்கச்சி" என்றார்.

பிறகு தாழ்ப்பாளை இழுத்தார், போட்டார், மறுபடி இழுத்தார். சத்தமே இல்லை.

"நல்லாத்தான் தொறக்குது" என்று சொல்லிவிட்டு நாலாவது வீட்டுக்குப் போனார்.